தூக்குப்போசியில் ‘மகளிர் கால்பந்து 2ம் பரிசு’ என்று வெட்டியிருக்கிறது. எங்கே போய்த் தேடுவது?

போத்தனூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு விளையாட்டு பற்றி ஒன்றும் தெரியாது. வங்கி வேலை. ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் மகள் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லை. அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, போன மாசியில் தவறிவிட்டார். மாமா இனி தன் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார் என்பதால் ஐப்பசியில் போத்தனூர் வீட்டைக் காலி செய்தோம். பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கும்போது, புளி போட்டு வைத்திருந்த எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று என் கைக்கு வந்தது. (மற்ற ஊர்க்காரர்களுக்கு: தூக்குச்சட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) இரண்டு படி கொள்ளும். மூடி இல்லை. புளியைக் கொட்டிவிட்டுத் தேய்த்தால், வயிற்றுப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து:

மகளிர் கால்பந்து 2ம் பரிசு 8.10.78 செ.

‘செ.’ என்பது தாத்தாவின் முதலெழுத்து. அதற்குக் கீழே வேறு கையால், இன்னும் அழுத்தமாக, ‘ப.’ என்று ஒன்று. அது மாமாவுடையது. கல்யாணத்துக்கு அப்புறம் வெட்டியிருக்க வேண்டும்.

மாமாவிடம் காட்டினேன். “அவ எங்க பந்து ஆடினா? யாரோ குடுத்த போசியா இருக்கும்” என்றார். நாற்பத்திரண்டு வருடம் அந்தப் போசியிலிருந்துதான் அவருக்கு ரசத்துக்குப் புளி எடுத்திருக்கிறார்கள்.

பெட்டியின் அடியில் ஒரு புகைப்படமும் இருந்தது. பதின்மூன்று பெண்கள், எல்லோரும் அரைக்கால் சட்டை, பாதிப் பேருக்குக் காலில் ஒன்றும் இல்லை. முன்வரிசையில் நடுவில் அத்தை. மடியில் பந்து, பந்தில் வெள்ளைப் பெயிண்டில் 78. மற்றவர்கள் வெளிர் சட்டை போட்டிருக்க, அத்தை மட்டும் முழுக்கை வைத்த கருப்புச் சட்டை. தாத்தா ரயில்வேயில் இருந்தவர், குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

இன்னொன்று. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அத்தை ஒரு தடவை, “பொங்கல் சமயத்துல கோழிக்கோடு போய் இந்தியா ஆடினதைப் பார்த்தோம்” என்று சொன்னது ஞாபகம். ஆண்கள் ஆட்டம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். 2025 ஜூலையில் மகளோடு உட்கார்ந்து, சியாங் மாயில் நம் பெண்கள் தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்ததை ஃபோனில் பார்த்தேன். சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டாவது கோலை அடித்தபோது மகள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். மறுநாள் எங்கே பார்த்தாலும் ‘ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி, வரலாற்றில் முதல்முறை’. சரி, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். இப்போது இந்தப் போசி என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

1980 வாக்கில் இந்தியாவுக்குப் பெண்கள் கால்பந்து அணி என்று ஒன்று இருந்ததா? இந்த 8.10.78 ஆட்டத்தைப் பற்றி எங்கே தேடலாம்?

பழைய உதவி ஆசிரியர்:

அம்மா, உங்கள் அத்தை சொன்னது சரி.

1980 ஜனவரியில் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டி கோழிக்கோட்டில்தான் நடந்தது. சில பட்டியல்களில் 1979 என்றும் போட்டிருப்பார்கள். தேடும்போது இரண்டு வருடத்தையும் பாருங்கள். இந்தியாவிலிருந்து ஒன்றல்ல, இரண்டு அணிகள் ஆடின. ‘இந்தியா எஸ்’, ‘இந்தியா என்’ என்று பெயர். எஸ் அணி இறுதி ஆட்டம் வரை போய், சீன தைபேயிடம் 2-0 என்று தோற்றது. மேற்கு ஆஸ்திரேலியா என்று ஒரு மாநில அணிகூட வந்து ஆடிய போட்டி அது. அடுத்த வருடம் ஹாங்காங்கில் நமக்கு மூன்றாம் இடம். 1983இல் பாங்காக்கில் மறுபடி இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் 3-0.

நம் ஆண்கள் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தது ஒரே ஒரு தடவை, 1964இல். அது எந்த வினாடி வினாவிலும் வந்துவிடும். பெண்கள் இரண்டு தடவை பிடித்ததை எந்த வினாடி வினாவிலும் நான் கேட்டதில்லை.

ஜூலையில் போட்ட தலைப்பைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. தகுதிச்சுற்று ஆடி, ஜெயித்து, ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல்முறை. கோழிக்கோடு காலத்தில் தகுதிச்சுற்று என்ற ஒன்றே கிடையாது. ‘தகுதிச்சுற்றின் வழியாக’ என்ற சொல் தலைப்பில் இடம் போதாமல் விழுந்துபோகும். விழுந்ததும் அதற்கு முந்தைய நாற்பத்தைந்து வருடமும் கூடவே விழுந்துவிடும். தலைப்பு வைத்தே பிழைத்தவன் சொல்கிறேன்.

இது ஏன் காணாமல் போனது என்றால், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அப்போது பெண்கள் ஆட்டத்தை நடத்தவே இல்லை. 1975இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள். முதல் தேசியப் போட்டி லக்னோவில் நடந்தது. சுஷீல் பட்டாச்சார்யா முதல் பயிற்சியாளர். ஆசியாவிலும் அதே கதை. பெண்களுக்கென்று இருந்த தனிக் கூட்டமைப்பு 1986இல்தான் பெரிய கூட்டமைப்போடு சேர்ந்தது. இந்தியாவில் 90களின் தொடக்கத்தில் சேர்ந்தது. ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டு நோட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதனால் பெரிய சங்கங்களின் வலைத்தளத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது வாங்கினார். கால்பந்துக்காக அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். அடுத்த பெண் ஒய்னம் பெம்பெம் தேவி, 2017இல். நடுவில் 34 வருடம். அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, இதெல்லாம் தன் காலத்தில்தான் தொடங்கியது என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

இப்போது என் பங்கு. நான் 1979 முதல் ஒரு நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன், விளையாட்டுப் பக்கம். பெண்கள் ஆட்டத்தின் முடிவு தபாலில் வரும், நாலு நாள் கழித்து. இன்லாண்ட் லெட்டரில் பதினொரு பெயரையும் யாரோ அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருப்பார்கள். பத்தியின் அடியில் ஒரு அங்குலம் காலியாக இருந்தால் அதை நிரப்ப எடுப்போம். ஊர், ஸ்கோர், அவ்வளவுதான். பெயர்களை அடித்துவிடுவேன். மேலே இருந்தவர்கள் சொல்லி அடித்ததல்ல, எனக்கே பழக்கமாகியிருந்தது. அச்சுக் கோப்பவர் ஒருவர் ஒருநாள், “பாவம் சார், ரெண்டு பேராவது போடலாம்” என்றார். போடவில்லை. கடிதம் குப்பைக்கூடைக்குப் போனது. ஆகவே பத்திரிகைத் தொகுப்புகளில் பெயரைத் தேடி நீங்கள் ஏமாந்தால், அதற்கு என்னைப் போன்றவர்களும் காரணம்.

பெயர் இருக்கும் இடங்கள் வேறு. பள்ளி, கல்லூரி ஆண்டு மலர்கள். சான்றிதழ்கள். புகைப்படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். அப்புறம் முக்கியமாக, ‘செ.’ என்ற முதலெழுத்தோடு தேடுங்கள், ‘ப.’ வேண்டாம். கல்யாணத்தோடு நம் பெண்களுக்கு இனிஷியல் மாறிவிடுகிறது. 78இல் ஆடியவர் 83இல் வேறு ஆள். ரேஷன் கார்டு, பென்ஷன், இறப்புச் சான்றிதழ், எல்லாம் அந்த வேறு ஆளுடையவை. உங்கள் போசியில் இரண்டு எழுத்தும் இருப்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அப்படி ஓர் ஆவணம் எங்கள் அலுவலகத்தில்கூட இருந்ததில்லை.

கவுண்டம்பாளையம் பீலே:

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா கேட்கிறேன். ‘2ம் பரிசு’ என்றால் மொத்தம் எத்தனை டீம் வந்தது? ரெண்டு டீம் வந்திருந்தாலும் தோற்றவருக்கு 2ம் பரிசுதான்! மறைக்கப்பட்ட வரலாறு, மறக்கப்பட்ட வரலாறு என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். அப்போது பார்க்க ஆள் வந்திருந்தால் தானாக ஞாபகம் இருந்திருக்குமே? கூட்டம் இல்லாத ஆட்டத்தை யார் நினைவில் வைப்பார்கள்?

பிரஸ்டன் நர்ஸ்:

போத்தனூர்க்காரி அக்கா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. பீலே அண்ணாவுக்குப் பதில் சொல்லத்தான் கணக்கே திறந்தேன்.

நான் திருச்சிப் பெண். 2004இல் வேலைக்காக இங்கிலாந்தில் பிரஸ்டன் ஊருக்கு வந்தேன். டீப்டேல் மைதானத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ். பல வருடம் அது ஆண்கள் கிளப்பின் மைதானம் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. 2017இல் மைதானச் சுவரில் பெண்கள் அணி ஒன்றுக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். நைட் டூட்டி முடித்து வந்த ஒரு காலையில் நின்று படித்தேன். பஸ் போய்விட்டது.

முதல் உலகப் போர் சமயத்தில் இந்த ஊரில் டிக், கெர் என்று ஒரு தொழிற்சாலை. டிராம் வண்டி செய்துகொண்டிருந்தவர்கள், போர் வந்ததும் வெடிமருந்துச் சாமான் செய்யத் தொடங்கினார்கள். ஆண்கள் போர்முனையில் இருந்ததால் வேலைக்குப் பெண்கள். சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் பந்து உதைத்தவர்கள், 1917 கிறிஸ்துமஸ் அன்று இதே டீப்டேலில் இன்னொரு தொழிற்சாலைப் பெண்களோடு ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர். வசூல் காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்குப் போனது. மூன்று வருடம் கழித்து, 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூல் குடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களோடு ஆடி 4-0 என்று ஜெயித்தார்கள். உள்ளே 53,000 பேர். இடம் இல்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில்.

அண்ணா, கூட்டம் இருந்தது. ஒரு வருடம்கூட முழுசாகப் போகவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடி, இந்த ஆட்டம் பெண்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது, ஊக்குவிக்கக் கூடாதது என்று தீர்மானம் போட்டது. தன்னிடம் பதிந்த எந்தக் கிளப்பும் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்றது. வசூல் பணத்தில் செலவு அதிகம் காட்டுகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு வேறு. ஆடக் கூடாது என்று நேராகச் சொல்லவில்லை, கவனியுங்கள். மைதானத்தை எடுத்துக்கொண்டார்கள். மைதானம் இல்லாவிட்டால் டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, பத்திரிகைக்காரர் இல்லை. அந்தத் தடை 1971 வரை இருந்தது. மன்னிப்புக் கேட்டது 2008இல்.

இந்த அணியில் லில்லி பார் என்று ஓர் இடதுபுற ஆட்டக்காரி. சேரும்போது வயது 14. தடைக்கு அப்புறமும் பூங்காக்களிலும் வயல்வெளிகளிலும் ஆடிக்கொண்டே இருந்தவர். அவர் பிழைப்புக்குச் செய்த வேலை என்ன தெரியுமா? நர்ஸ். பிரஸ்டனுக்குப் பக்கத்தில் விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில். இதைப் படித்த அன்று எங்கள் வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு மூத்த சிஸ்டர், “ஓ, அப்படியா” என்று சொல்லிவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். லில்லி 1978இல் இறந்தார். உங்கள் அத்தை போசி வாங்கிய அதே வருடம், அக்கா. 2019இல் மான்செஸ்டர் கால்பந்து அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

நீங்கள் கேட்டதற்கு உதவுவது இதுதான். கதை திரும்பக் கிடைத்தது எந்தச் சங்கத்து அலமாரியிலிருந்தும் இல்லை. கெயில் நியூஷாம் என்று இந்த ஊர்க்காரர், தானும் கால்பந்து ஆடியவர். இங்கே இருபது வருடத்துக்கு ஒரு தடவை ‘கில்ட்’ என்று ஊர்த் திருவிழா. 1992 கில்டுக்கு, பழைய ஆட்டக்காரிகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒன்றுசேர்க்க முயன்றார். அப்போது அவர்களில் பலர் பாட்டிகள். அலமாரியிலிருந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்தும் ஆல்பம், பேப்பர் கத்தரிப்பு என்று வந்ததை வைத்துத்தான் மிச்சம் எல்லாம் எழுதப்பட்டது. உங்கள் அத்தையின் சிநேகிதிகள் இருப்பார்கள். அவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து, எழுபது வயது இருக்கும். தள்ளிப்போடாதீர்கள். வயதானவர்களோடு வேலை செய்கிறவள் சொல்கிறேன்.

பழைய உதவி ஆசிரியர்:

கூட்டம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், தம்பி பீலேவுக்காக. 2022இல் பார்சிலோனாவில் பெண்கள் ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தபோது உலக சாதனை என்று உலகமே எழுதியது. மெக்சிகோவில் அஸ்டெகா மைதானத்தில் 1971 செப்டம்பரில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஏறத்தாழ 1,10,000 பேர் பார்த்தார்கள். டென்மார்க் 3, மெக்சிகோ 0. மூன்று கோலையும் அடித்தவர் சுசான் அகஸ்டசன், வயது 15. அதை நடத்தியது ஃபிஃபா இல்லை என்பதால் சாதனைக் கணக்கில் வராது. இங்கிலாந்திலிருந்து போன பெண்களில் ஒருவருக்கு வயது 13. திரும்பி வந்ததும் அவர்களுக்குத் தடை, கூட்டிக்கொண்டு போன ஹாரி பாட் என்பவருக்கு ஆயுள் தடை. அந்தப் பெண்கள் பல பத்து வருடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் போத்தனூர் அம்மாவுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மீட்கிற ஆர்வத்தில் அவசரப்படக் கூடாது. 1895இல் இங்கிலாந்தில் ஆடிய ஒரு கறுப்பினப் பெண்ணை எம்மா கிளார்க் என்று அடையாளம் சொல்லி, 2019இல் லண்டனில் பலகையே வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் படத்தில் இருப்பவர் கேரி பூஸ்டெட் என்ற வேறு ஆட்டக்காரி என்று தெரியவந்தது. கேரி பூஸ்டெட்டை முதல் தடவை உலகம் மறந்தது, இரண்டாம் தடவை மீட்டவர்களே மறைத்தார்கள். ஆகவே ‘எத்தனை டீம்’ என்று தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். அதையும் கேட்டு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பி.இ.டி. டீச்சர்:

கருப்பு முழுக்கைச் சட்டை, மற்றவர்கள் வெளிர் சட்டை, மடியில் பந்து. உங்கள் அத்தை கோல்கீப்பர் அம்மா! இது கூடவா ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பரிசாகப் போசி கொடுத்ததைப் பார்த்து யாராவது சிரிக்கப் போகிறீர்கள் என்றால், 1989இல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த மேற்கு ஜெர்மனிப் பெண்களுக்கு அவர்கள் நாட்டுச் சங்கம் கொடுத்தது காபி செட். பூப்போட்ட பீங்கான். 1955 முதல் 1970 வரை பெண்கள் கால்பந்தையே தடை செய்து வைத்திருந்த சங்கம் அது. போசியாவது புளி போட உதவியது. நான் முப்பத்தோரு வருடம் பள்ளியில் கொடுத்த பரிசெல்லாம் சோப்பு டப்பாவும் டிபன் பாக்ஸும்தான், பெயர் வெட்டக்கூடக் காசு தரமாட்டார்கள். உங்களுக்கு வெட்டிக் கொடுத்தவர் யாரோ, அவர் கை நன்றாக இருக்கட்டும்.

போத்தனூர்க்காரி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். காலாண்டுக் கணக்கு முடிக்கிற வேலை.

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர், நீங்கள் சொன்னது சரி. கீப்பர்தான். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

புகைப்படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருந்தது. அந்த ஸ்டூடியோ இப்போது மொபைல் கடை. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தையின் பள்ளிக்கூடத்துக்கும் போனேன். பழைய பதிவேடு கேட்டதற்கு, மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன், இரண்டாம் தடவை போனபோது மனுவைக் காணோம். அதை விட்டுவிட்டேன். பிரஸ்டன் தங்கை சொன்ன வழியில் போனேன். போத்தனூர் சர்ச்சுக்கு வரும் வயதானவர்களிடம் மகளை அனுப்பிப் படத்தைக் காட்டச் சொன்னேன். நான் போனால் கணக்கெடுக்க வந்த அதிகாரி மாதிரி இருக்கிறதாம், அவள் போனால் பேசுவார்களாம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டி படத்தைக் கையில் வாங்கி, மேல்வரிசையில் வலது ஓரத்தில் நிற்கும் பெண்ணைத் தொட்டு, “இது எங்க வீட்டுக்கு எதிர்த்த குவார்ட்டர்ஸ். டிரைவர் பொண்ணு. இப்ப பெர்த்துல இருக்கா” என்றிருக்கிறார்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பம். 80களில் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். நம்பர் கிடைத்து, நேரம் பார்த்து ஃபோன் செய்தேன். நான் அத்தையின் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், நாற்பது வருடம் அங்கே இருந்தவர், சுத்தமான போத்தனூர்த் தமிழில், “அவ கை பெருசு கண்ணு. ஒத்தைக் கையில பந்தைப் புடிப்பா” என்றார்.

அன்று ஒரு மணி நேரம் பேசினார். பாதி என் மகளைப் பற்றி விசாரிப்பு. ஆட்டம் பற்றிச் சொன்னதை எழுதுகிறேன்.

8.10.78 ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு. பூஜையை ஒட்டி ரயில்வே காலனியில் விளையாட்டுப் போட்டி வைப்பார்களாம், ஆண்களுக்கு. அந்த வருடம் பெண்களுக்கும் வைக்கச் சொல்லி இவர்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். பீலே சார், உங்கள் கேள்விக்குப் பதில்: மூன்று டீம். ஒரு டீமுக்கு ஆளே சேரவில்லை, ஏழு பேரோடு ஆடினார்களாம். ஆகவே 2ம் பரிசு என்பது பெரிய விஷயமில்லைதான். இறுதி ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. இருட்டிவிட்டதால் பெனால்டி போட நேரமில்லை, காசு சுண்டிப் போட்டார்கள். தோற்றார்கள். அத்தை அன்றைக்கு ஒரு கோலும் விடவில்லை. முந்தின ஆட்டத்திலும் விடவில்லை. ஒரு கோலும் வாங்காமல் இரண்டாம் பரிசு. இதைச் சொல்லிவிட்டுப் பெர்த் ஆன்ட்டி சிரித்த சிரிப்பை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை.

கோழிக்கோட்டுக்கும் இவர்கள் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள். நாலு பெண்கள், ஒருவரின் அப்பா துணைக்கு, ரயில்வே பாஸில், ஷொரனூர் வழியாக. ஒரு அணியில் எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள், கால் முழுக்க வெயிலில் சிவந்து போயிருந்தது, எந்த ஊர் என்று பக்கத்தில் கேட்டால் மேற்கு ஆஸ்திரேலியா என்றார்கள், “அந்த ஊருக்கே நான் வந்து விழுவேன்னு அன்னைக்குத் தெரியுமா” என்றார். உதவி ஆசிரியர் ஐயா, நீங்கள் முதலில் எழுதியது எவ்வளவு உதவியது பாருங்கள். அந்த மாநில அணி பற்றி எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அவர் சொன்னதும் சட்டென்று புரிந்தது. அவரும் “உனக்கு எப்படித் தெரியும்?” என்று உற்சாகமாகிவிட்டார்.

அத்தை ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். “நிறுத்தலையே. 83ல கல்யாணம்” என்றார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரே ஃபோன் செய்து, மாடியிலிருந்து குழந்தைகள் சாவிக்கொத்தைத் தூக்கிப் போட்டால் அத்தை பார்க்காமலே பிடித்துவிடுவார், எப்படி என்று அவருக்கு என்றைக்குமே புரிந்ததில்லை என்றார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எழுத வந்ததே இதற்குத்தான்.

பெர்த் ஆன்ட்டியிடமும் அதே போசி இருக்கிறது! ஊறுகாய்க்கு வைத்திருக்கிறார். படம் அனுப்பினார். அதே எழுத்து, அதே 8.10.78, கடைசியில் அவர் அப்பாவின் முதலெழுத்து. ஜெயித்த டீமுக்குக் குடம், இவர்களுக்குப் போசி. தோற்ற டீமின் பதின்மூன்று பேருக்கும் ஒவ்வொன்று கொடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பெண்ணின் இனிஷியலை வெட்டியிருக்கிறார்கள். யாரும் எந்தப் பேப்பரிலும் எழுதி வைக்காத அணிப் பட்டியல், பதின்மூன்று சமையல்கட்டில் பிரிந்து கிடக்கிறது. இதுவரை இரண்டு கிடைத்திருக்கிறது. மூன்று பெண்களின் பெயர் மட்டும் ஆன்ட்டிக்கு ஞாபகம் இருக்கிறது. மிச்சம் எட்டுப் பேர்.

போத்தனூர், குறிச்சி, சுந்தராபுரம், வெள்ளலூர், செட்டிபாளையம் பக்கம் யார் வீட்டிலாவது, அல்லது அங்கிருந்து வெளியூர் போனவர்கள் வீட்டிலாவது, இரண்டு படி எவர்சில்வர் தூக்குப்போசி இருந்தால் வயிற்றுப் பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். 8.10.78 என்று இருந்தால் இங்கே சொல்லுங்கள். குடம் கிடைத்தாலும் சொல்லுங்கள். இனிஷியல் இரண்டு இருந்தால் மேலே இருப்பதை எழுதுங்கள்.

கவுண்டம்பாளையம் பீலே:

எங்கள் பெரியம்மா வீடு குறிச்சி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அங்கே பாத்திரம் ஒரு லாரி இருக்கும்.